இரண்டாவது பாட்டில்

திங்கட்கிழமை வரைக்கும் ஒரு பாட்டில் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் தூங்கி எழுந்து, ஏசியின் அடியிலிருந்த ரப்பர் மூடியைக் கழற்றினாள் மணிமொழி. இரண்டு லிட்டர் பாட்டில் கழுத்து வரை நிறைந்தும் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்த காலி பாட்டிலைக் காலாலேயே இழுத்து வைத்தாள். அதுவும் கழுத்து வரை நிறைந்தது.

காற்றில் ஈரம் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மந்தைவெளியிலிருந்து கடல் என்ன காத தூரமா? இரண்டு பாட்டில்களையும் குளியலறை மூலையில் வைத்துவிட்டு அதை மறந்தும் போனாள்.

நாற்பத்திரண்டு வயது அவளுக்கு. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை. அமெரிக்கா விழித்திருக்கும்போது இவளும் விழித்திருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், விடிகாலை ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும். ஊரெல்லாம் பால் காய்ச்சுகிற நேரத்தில் இவள் பல் தேய்த்துவிட்டுப் படுப்பாள். பகலில் தூங்குகிறவளைக் கண்டால் இந்த ஊருக்கு ஏனோ ஆகாது. கீரை வண்டி ஒலிபெருக்கியில் கத்தும், கீழ்வீட்டுக் குக்கர் கத்தும், கூரியர்காரன் மணியடித்துவிட்டுப் பக்கத்து வீடு எது என்று கேட்பான். இவள் முழித்துக்கொள்ளும்போது அத்தனை பேரும் மத்தியானத் தூக்கத்தில் இருப்பார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு வருஷம் இருந்தும் எதிர்வீட்டுப் பெண்மணியின் பெயர் இவளுக்குத் தெரியாது.

வீடு மூன்றாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி, அதற்கும் மேலே நேராகச் சூரியன். கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்கே படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்தான். சுவரில் மாட்டும் ஏசி வாங்கலாம் என்றால் வீட்டுக்காரி ஜானகி மாமி கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். பெங்களூரில் மகனோடு இருக்கிறாள் மாமி. 'சுவத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது' என்பது அவள் போட்ட முதல் நிபந்தனை. இரண்டாவது நிபந்தனை, படுக்கையறைக்குள்ளேயே இருக்கும் சின்ன அறை பூட்டியே கிடக்கும், உள்ளே மாமியின் பழைய சாமான்கள். சென்னையில் வாடகைக்கு வீடு பிடித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஓனருடைய அறை ஒன்று பூட்டிக் கிடக்கும், நாமும் நாளாவட்டத்தில் அதைச் சுவர் என்றே நினைத்துக்கொள்வோம். மணிமொழி அந்தக் கதவின் பூட்டிலேயே தினசரி காலண்டரைத் தொங்கவிட்டிருந்தாள்.

அப்புறம் ஷ்ரேயா. ஒரே பெண், பதின்மூன்று வயது. விவாகரத்துக்குப் பிறகு நங்கநல்லூரில் அப்பா சித்தார்த்தனோடு இருக்கிறாள். போன கோடை விடுமுறைக்குப் பத்து நாள் இருப்பதாக வந்தவள் இரண்டு ராத்திரி தூங்காமல் புரண்டுவிட்டு, மூன்றாம் நாள் காலையில், "உன் வீடு அடுப்பு மாதிரி இருக்கும்மா" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. பாவமாகச் சொன்னாள். அதை நினைத்து நினைத்தே மணிமொழி ஒரு வருஷத்தை ஓட்டினாள்.

இந்த ஏப்ரலில் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய், அப்துல் வஹீத் என்கிற மெக்கானிக்கின் கடையில் இந்தச் செகண்ட் ஹேண்ட் ஏசியை வாங்கினாள். சக்கரம் வைத்தது. தள்ளிக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். பின்னாலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய் கிளம்பி, ஜன்னலில் செருகிய பலகையின் ஓட்டை வழியாகச் சூட்டை வெளியே தள்ளும். ஆணி வேண்டாம், ஓட்டை வேண்டாம், மாமியிடம் கெஞ்ச வேண்டாம்.

செய்தியைச் சொன்னதும் ஷ்ரேயா போனில் குதித்தாள். "நிஜம்மா ஏசியா? அப்போ வர்றேன். பத்து நாளும் இருப்பேன். தலை பின்னி விடுவியா? அப்பாவுக்கு வரவே இல்லம்மா. ரப்பர்பேண்ட் போட்டு விடறாரு, அவ்ளோதான்." அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. ஒன்றாம் வகுப்பிலிருந்து இரட்டைப் பின்னல் போட்டுப் போட்டு மணிமொழி வளர்த்த முடி. வருகிற திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. வாசல் கதவின் மாற்றுச் சாவி ஒன்றை முன்பே அவளிடம் கொடுத்து வைத்திருந்தாள். 'இதுவும் உன் வீடுதான்' என்று வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததால் சாவியாகக் கொடுத்தாள்.

அந்த இயந்திரத்தை மணிமொழி பார்த்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். வஹீத் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 'கொண்டாந்ததும் சுச்சு போட்ராதீங்க மேடம், ஒரு நாள் அப்டியே நிக்கட்டும், இல்லாங்காட்டி கம்ப்ரசரு பூடும்.' நிற்க வைத்தாள். 'பைப்ப மடக்காதீங்க.' மடக்கவில்லை. 'பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஃபில்டர கழுவுங்க, தண்ணிய தெனம் எறக்கிடுங்க, தேங்க வுட்டா நாறும்.' எல்லாம் செய்தாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பது போல அதன் முன்பக்கத்தைத் துடைத்தாள். வீட்டில் அவளைத் தவிர சத்தம் போடுகிற ஒரே ஜீவன் அதுதான். சில நாள் காலையில், "என்னடா, இன்னைக்கு ரொம்ப இருமுற?" என்று அதனிடம் பேசவும் செய்தாள். பேச வேறு யார் இருந்தார்கள் சொல்லுங்கள்.

தண்ணீரையும் வீணாக்கவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊரில் பிறந்தவளுக்கு இரண்டு லிட்டரைச் சாக்கடையில் ஊற்ற மனசு வருமா? போர் தண்ணீரில் தலை குளித்தால் முடி கொட்டும் என்பதில் சென்னையில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. மணிமொழியின் முடி கொட்டிக் கொட்டித் தோளுக்குக் கீழே ஒரு சாண் வந்து நின்றிருந்தது. ஏசித் தண்ணீர் உப்பில்லாத தண்ணீர், தலைக்கு நல்லது என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். குளித்து முடித்ததும் கடைசியாக ஒரு பாட்டிலைத் தலையில் ஊற்றிக்கொள்வதை அன்றிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டாள். முடி மெத்தென்று ஆனது என்னவோ உண்மை.

புதன்கிழமையும் இரண்டு பாட்டில். ஃபில்டர் கழுவும் நாளும் அன்றைக்குத்தான். பின்பக்கத்துச் சட்டத்தை இழுத்து உருவி, குளியலறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வழக்கமான சாம்பல் நிறத் தூசி. அதன் குறுக்கே ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. இரண்டு கைகளையும் விரித்தும் முடியவில்லை. வெள்ளை முடி. எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்.

அவள் எண்ணெய் வைத்தே பல வருஷம் ஆகிறது.

மறுநாள் சாயங்காலம் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வஹீத் வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "இன்னா மேடம், அதுக்குள்ள ரிப்பேரா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர், காகிதத்தில் மடித்து வைத்திருந்த முடியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"பழைய மெஷினுதான், ஒத்துக்கறேன். ஆனா நானே பிரிச்சி, என் கையால கழுவிட்டுதான் குட்த்தேன். இது நம்ம கடைலருந்து வந்தது இல்ல." இயந்திரத்தைப் பின்பக்கம் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு குளியலறை மூலையிலிருந்த பாட்டில்களைப் பார்த்தார். "இது ஒரு நாள் தண்ணியா? ரூம்ல எத்தினி பேரு படுக்கறீங்கோ?"

"நான் ஒருத்திதான்."

"மூச்சுல ஈரம் கீதுல்ல மேடம், அதுவும்தான் தண்ணியா எறங்குது. ஆளு ஏற ஏற தண்ணி ஏறும். இது ரெண்டாளு தண்ணி மாரி கீது." அவள் முகம் போன போக்கைக் கண்டு கையை உதறினார். "அட, சும்மா சொன்னேன்மா. இத்த கேளுங்க. இது ஒத்தப் பைப்பு மெஷினு. ரூம்ல கீற காத்த இழுத்து வெளிய தள்ளிக்கினே இருக்கும். அப்ப ரூமுக்கு வேற எங்கனா இருந்து காத்து வந்தாவணும்ல? கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு, எதுனா ஒண்ணுல இருந்து உறிஞ்சிக்கும். அந்தக் காத்துல ஈரம் கீது, முடி கீது, அவ்ளோதான் மேட்டரு."

பையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் கிழித்து ஒரு நாடா எடுத்தார். ஏசியை ஓடவிட்டு, அந்த நாடாவை ஜன்னல் இடுக்கில் பிடித்தார். லேசாக ஆடியது. வாசல் பக்கத்துக் கதவின் அடியில் பிடித்தார். லேசாக ஆடியது. பூட்டிய அறையின் கதவடியில் பிடித்தார். நாடா விறைத்துக்கொண்டு படுக்கையறைப் பக்கமாக நீட்டி நின்றது. பூட்டில் தொங்கிய காலண்டரின் தாள்கள் மெல்ல எழும்பி எழும்பி அமர்ந்தன.

"தோ பாருங்க, மொத்தமும் இங்கருந்துதான் வருது. உள்ள ஜன்னல் தொறந்து கீதா?"

"தெரியலைங்க. ஓனர் பூட்டி வச்சிருக்காங்க."

"துணி சொருகி டேப்பு ஒட்டிடுங்க. எல்லாம் சரியா பூடும்."

அவர் போனதும் மணிமொழி பெங்களூருக்குப் போன் போட்டாள். மாமி நல்ல மனநிலையில் இருந்தாள். பேரனின் பரீட்சை, முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்த பிறகு மணிமொழி மெதுவாக, "மாமி, அந்தச் சின்ன ரூம்ல ஜன்னல் திறந்திருக்கா? காத்து வருது" என்றாள்.

"ஜன்னலா? அந்த ரூமுக்கு ஏதுடிம்மா ஜன்னல்? நாலு பக்கமும் சுவர்தான். காத்து எப்படி வரும்?"

"இல்ல மாமி, கதவுக்கு அடியில..."

"எங்க அக்கா அங்கதான் படுத்துண்டிருந்தா. அவளுக்குக் காத்து பட்டாலே ஆகாது. கதவைச் சாத்து, கதவைச் சாத்துன்னுண்டே இருப்பா." மாமி யாரும் கேட்காமலே தொடர்ந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வெகுநாள் காத்திருந்தவள் போல. "மூணு வருஷம் எழுந்துக்கவே இல்லை. ஆனா தலையை மட்டும் தினம் பின்னி விட்டாகணும். முழங்கால் மட்டும் முடி. வெந்தய எண்ணெய் தேய்ச்சு, சிக்கெடுத்து... எனக்கும் வயசாறது இல்லையா, சொல்லு? ஒரு நாள் கோபத்துல கத்திரியை எடுத்து வெட்டிட்டேன். ஒட்ட. அதுக்கப்புறம் அவ வாயே திறக்கலை. தலையைத் தடவிண்டே கிடப்பா. பத்தே நாள்தான்." மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அது போகட்டும், நீ எதுக்கு இதெல்லாம் கேக்கறே?"

மணிமொழி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வைத்தாள். அன்று ராத்திரி ஆபீசில் ஒரே பில்லை மூன்று தடவை சரிபார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய துண்டை நீளவாக்கில் சுருட்டிப் பூட்டிய கதவின் அடியில் திணித்தாள். மேலே பழுப்பு நிறப் பார்சல் டேப்பை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் மூன்று வரிசை ஒட்டினாள். விளிம்புகளை ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்துவிட்டாள். ஏசியைப் போட்டாள். காலண்டர் அசையவில்லை. அப்பாடா என்றிருந்தது. திங்கட்கிழமை ஷ்ரேயா இந்தப் பக்கம் படுப்பாள், தான் அந்தப் பக்கம், என்று தலையணைகளைக்கூட மாற்றி வைத்தாள். தடித்த திரையை இழுத்துவிட்டதும் அறை இருண்டது. இயந்திரத்தின் சீரான உறுமலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

பீப், பீப் என்ற சத்தம் எழுப்பியது. சிவப்பு விளக்கு மின்னியது. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அப்படித்தான் கூப்பிடும், கூப்பிட்டுவிட்டுத் தானாக நின்றுவிடும். மணி பத்தரை. நான்கு மணி நேரத்தில் தொட்டி நிறைந்திருக்கிறது. எழுந்து தண்ணீரை இறக்க வேண்டும், ஆனால் உடம்பு கேட்கவில்லை, கண்ணை மூடியபடியே கிடந்தாள்.

பீப் சத்தம் ஓய்ந்தது. கம்ப்ரசர் ஒருமுறை குலுங்கி அடங்கியது. மின்விசிறி போல உள்ளே சுற்றும் சக்கரமும் மெல்ல மெல்ல நின்றது. வெளியே கீரை வண்டி போய்க்கொண்டிருந்தது, அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை என்று பதிவு செய்த குரல் தெருமுனை திரும்பித் தேய்ந்தது. கீழ்வீட்டில் யாரோ பாத்திரத்தைப் போட்டார்கள். அப்புறம் நிசப்தம்.

நிசப்தத்தில் காற்று இழுபடும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இயந்திரம் நின்றுவிட்டது. உறிஞ்ச எதுவும் இல்லை. ஆனாலும் இழுத்தது. நிறுத்தியது. விட்டது. இழுத்தது. ஒவ்வொரு தடவையும் 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். மணிமொழி கண்ணைத் திறந்தாள். கதவடியில் ஒட்டிய பழுப்பு டேப் படுக்கையறைப் பக்கமாகப் புடைத்தது. பிறகு உள்ளே அமுங்கியது. புடைத்தது. அமுங்கியது. நோயாளி மூச்சு விடுவது போல நிதானமாக. வெந்தய எண்ணெயின் வாசனை போர்வைக்குள்ளிருந்து வந்தது.

தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டேப்பும் அசையாமல் நின்றது. விட்டாள். டேப் புடைத்தது.

அவள் எப்படி எழுந்தாள், எப்படி வாசலுக்கு வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. நைட்டியோடு, கையில் போனோடு, இரண்டாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வியர்வை வழிந்தது. யாரிடம் போவது என்று யோசித்தாள். போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஆபீஸ் வண்டி டிரைவர், கேஸ் ஏஜென்சி, பல் டாக்டர். அம்மா அப்பா இல்லை. இருந்த ஒன்றிரண்டு சிநேகிதிகளும் சித்தார்த்தன் பக்கம் போய்விட்டார்கள். 'என் வீட்டில் ஏதோ மூச்சு விடுகிறது' என்று போன் செய்து சொல்லக்கூடிய ஒரு ஆள் இந்த ஊரில் அவளுக்கு இல்லை. அது உறைத்தபோது பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

கடைசியில் ஷ்ரேயாவைக் கூப்பிட்டாள். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"திங்கட்கிழமை வராதடா கண்ணு."

"ஏன்மா?"

"வேலை. லீவு கிடைக்கல."

"பரவால்லம்மா, நீ தூங்கு, நான் புக் படிக்கறேன்."

"ஏசியும் ரிப்பேர்."

ஒரு கணம் யோசித்துவிட்டு, "பரவால்ல. வேர்த்துக்கிட்டே தூங்கறேன்" என்றாள் ஷ்ரேயா. "போன வாட்டி மாதிரி போக மாட்டேன். பிராமிஸ்."

ஒரு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் மணிமொழி ஏங்கிக் கிடந்தாள். படிக்கட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சொன்னாப் புரியாதா உனக்கு? நீ வந்தா எனக்குத் தொந்தரவு ஷ்ரேயா. வராத."

மறுமுனையில் "சரி" என்று மட்டும் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

அடுத்து வஹீத்துக்குப் போன் போட்டாள். அவர் திங்கட்கிழமை ஆள் அனுப்பி ஏசியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். உச்சி வெயில் ஏறிய பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே போனாள். டேப் ஒட்டியபடியே இருந்தது, அசைவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். தண்ணீரை இறக்கினாள். குழாயைக் கழற்றி, ஜன்னலைச் சாத்தி, இயந்திரத்தின் மேல் போர்வையைப் போர்த்தினாள். இழுப்பது அதுதானே, அது இல்லாவிட்டால் எதுவும் வராது என்பது அவள் கணக்கு. படுக்கையறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

சாயங்காலம் வேலைக்குப் போகக் குளித்தாள். படிக்கட்டுத் தூசியும் வியர்வையுமாகப் பிசுபிசுத்த தலைக்கு ஷாம்பு போட்டு, போர் தண்ணீரில் அலசி, கண்ணை மூடியபடி மூலையில் கைவிட்டு எட்டிய பாட்டிலை எடுத்து, தினமும் செய்வது போலத் தலையில் கவிழ்த்தாள். பாதி ஊற்றிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்பது புரிந்தது. தண்ணீர் பனிக்கட்டி போல முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப ஷாம்பு போட்டாள். வண்டி ஹாரன் அடிக்கும்வரை போட்டாள்.

வண்டியில் பக்கத்து இருக்கைப் பெண் நிஷா, டைடல் பார்க் சிக்னலில், "என்ன எண்ணெய்க்கா போடுறீங்க? வாசனையா இருக்கே" என்றாள்.

சனிக்கிழமை காலை. வீட்டுக்குள் நுழைந்து நேராகக் கூடத்திலேயே பாயை விரித்தாள். படுக்கையறைத் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. காதை வைத்துக் கேட்டாள், ஒன்றுமில்லை. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று படுக்கையறைக்கு முதுகைக் காட்டி, வாசல் கதவைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள். மின்விசிறி அனலை வாரி இறைத்தது. இரண்டு நாள் தூக்கம் பாக்கி. பயமாவது ஒன்றாவது என்று உடம்பு தன்பாட்டுக்குத் தூங்கிவிட்டது.

விழித்தபோது குளிராக இருந்தது.

மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் இல்லை. ஜன்னலில் பதினொரு மணி வெயில் வெள்ளையாக எரிந்தது. ஆனால் பாய் சில்லென்று இருந்தது. கன்னத்துக்கடியில் பாய் நனைந்திருந்தது.

யாரோ அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள்.

மெதுவாக. உச்சியிலிருந்து பிடரி வரைக்கும். சிக்கு இருந்த இடத்தில் நின்று, பொறுமையாகப் பிரித்து, மறுபடி கோதி. அவள் தலையை ஒருவர் தொட்டு எத்தனை வருஷம் ஆகிறது? தூக்கம் இன்னும் விடாத அந்த அரை நிமிஷம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், சுகமாகத்தான் இருந்தது. கண்கள் மறுபடி செருகின.

அப்புறம் விரல்களின் ஈரம் பிடரியில் சொட்டியது.

முடியை மூன்றாகப் பிரித்தன. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டன. ஒரு பின்னல். இரண்டு. மூன்று. நான்காவதில் முடி தீர்ந்துவிட்டது. விரல்கள் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றன. கழுத்துக்குப் பின்னால் ஈரமான ஒரு பெருமூச்சு. எல்லாவற்றையும் அவிழ்த்தன. முதலிலிருந்து பிரித்தன. பின்னின. தீர்ந்தது. இழுத்துப் பார்த்தன. வேரோடு வலித்தது. அவிழ்த்தன. மறுபடி.

போதவில்லை. அதற்கு அவள் முடி போதவில்லை.

கத்த வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் அவள் விட்ட மூச்சு பின்னால் யாருடையதாகவோ போய்க்கொண்டிருந்தது. கை அசையவில்லை. கால் அசையவில்லை.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

வேண்டாம்.

கதவு திறந்தது. முதுகுப்பை, சிவந்த கண்கள், ரப்பர்பேண்ட் போட்ட முடி. ஷ்ரேயா செருப்பைக் கழற்றிக்கொண்டே மூச்சு விடாமல் பேசினாள். "திட்டாதம்மா. அப்பாகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன், ஆட்டோல. நேத்து ஃபுல்லா அழுதேன். அப்புறம் யோசிச்சேன், நீ அப்படிலாம் பேச மாட்டியே. அதான்." கூடத்துக்குள் ஓரடி வைத்ததும் முகம் மலர்ந்தது. "ஐ, ஜில்லுனு இருக்கு! ரிப்பேருன்னு பொய்தானே சொன்ன?"

பிடரியில் விரல்கள் நின்றன.

"தலை பின்னியிருக்கியே! யாரும்மா பின்னி விட்டா?"

மூன்று பிரிகளும் பாதியில் அவள் கழுத்தில் விழுந்தன. அவளை விட்டுவிட்டன. எண்ணெய் வாசனை அவள் தலைக்கு மேலே எழும்பி, அவளைத் தாண்டி, முன்னால் போனது.

'ஓடு' என்று சொல்ல உதட்டைக் குவித்தாள் மணிமொழி. காற்று இல்லாத வாய் சும்மா அசைந்தது. ஷ்ரேயாவுக்கு அது சிரிப்பு போலத் தெரிந்ததோ என்னவோ, அவளும் சிரித்தாள். "கோபம் போச்சா? எனக்கும் பின்னி விடு." சின்ன வயதில் தினமும் உட்காருவது போல, அம்மாவுக்கு முதுகைக் காட்டிப் பாயின் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ரப்பர்பேண்டை உருவினாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். முடி அவிழ்ந்து இடுப்பையும் தாண்டிப் பாயில் விழுந்தது. கறுப்பாக, அடர்த்தியாக.

மணிமொழியின் இரண்டு கைகளும் அவள் கண்ணெதிரிலேயே பாயின்மேல் கிடந்தன. தூக்கப் பார்த்தாள். ஒரு விரல்கூட எழும்பவில்லை.

பாயில் கிடந்த முடி மெல்ல மேலே எழுந்தது. உச்சியிலிருந்து நுனி வரைக்கும் ஈரமாகப் படிந்தது. மூன்றாகப் பிரிந்தது.

"மெதுவாம்மா," என்றாள் ஷ்ரேயா, கண்ணை மூடிக்கொண்டு, திரும்பாமலே. "இழுக்காத."

ஒரு பின்னல். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

இந்த முறை முடி தீரவில்லை.